மெமரி போதாது என்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2001ஆம் வருடம். வாங்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். காலாண்டு, அரையாண்டு என்று எந்தத் தேர்வு வந்தாலும் வினாத்தாள் அடிக்கும் வேலை என் தலையில்தான் விழும். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள் அங்கே நான் ஒருத்திதான். ஸ்டென்சிலில் ஒரு எழுத்து தப்பினால் தாளே வீண். கம்ப்யூட்டரில் தப்பை அழித்துவிட்டு அதே இடத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண்.

என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அலுவலகத்தில் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதனால் பெட்டிகளைப் பிரித்து, ஒயர்களை மாட்டி, போளூர் சாலைப் பக்கம் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் ஜன்னலோரத்தில் அதை நிற்க வைத்தது அவர்தான். கடைக்காரர் கொடுத்த தாளை எனக்குப் படித்துக் காட்டினார். "மெமரி நூத்தி இருபத்தெட்டு. நம்ம வேலைக்கு இது ஜாஸ்தியே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு விளங்குகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டேன். அவர் குரலை உயர்த்திப் பேசாதவர். சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுப்பவர். அவர் சொல்வதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்போது எங்கள் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவள் பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள், வேண்டியதைக் கையால் காட்டுவாள். வார்த்தை மட்டும் வரவில்லை. வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மாளிடம் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். அவர் ஒரு நாள் சொன்னார்: "வாரத்துல ஒரு நாள், ஒரே நேரத்துல, பாப்பா போடற சத்தத்தப் பதிவு பண்ணி வைங்க. தினமும் பாக்கற உங்களுக்கு மாத்தம் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு மொதல்லேர்ந்து போட்டுக் கேட்டீங்கன்னா தெரியும்."

கம்ப்யூட்டரோடு ஒரு சின்ன மைக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்தான் பதியும். பிறகு தானாக நின்றுவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் அன்றைய தேதியையே பெயராக வைத்தேன். முதல் பதினைந்து பதிவுகளில் வெறும் "ம்ம்", "ஊ", அதட்டல் போல ஒரு சத்தம், நடுவில் என் குரல். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. என் மடியிலிருந்து எழுந்து நின்று அவள் "கொங்கு! கொங்கு, வா!" என்றாள். அத்தோடு நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்து வந்த என்னுடைய அழுகை பதிவாகவில்லை.

அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. கத்தரிக்காய் "கக்கா" ஆனது, பஸ் "பச்சி" ஆனது. வாரம் தவறாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் பதிவு செய்தேன். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, வாய் ஓயாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன். வேலூருக்குப் போவதும் மாதம் ஒரு தடவை என்று குறைந்தது. பள்ளியில் மனம் கசந்து வந்த நாட்களில் அந்த ஃபோல்டரைத் திறந்து, ஏதாவது ஒரு தேதியைப் போட்டுக் கேட்பேன்.

முதல் எச்சரிக்கை 2003 அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வந்தது. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் 'பொருத்துக' பகுதியை அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி. மெமரி போதவில்லை, திறந்திருக்கும் புரோகிராம்களில் சிலவற்றை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் திறந்து வைத்திருந்ததே ஒன்றுதான். சரி என்று அழுத்தினேன். மறுபடியும் அதே பெட்டி. மூன்றாவது தடவை அம்புக்குறியே அசையவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டபோது, அதுவரை அடித்திருந்ததெல்லாம் போயிருந்தது.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். பையை ஆணியில் மாட்டிவிட்டு நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"ரொம்ப ஏத்தி வச்சிருக்க. மெமரி ஃபுல் ஆயிடுச்சு. தேவையில்லாதத எல்லாம் அழி."

"எதுங்க தேவையில்லாதது?"

"அது உனக்குத்தான தெரியும்."

அன்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒரு நோட்டுப் போட்டு, எச்சரிக்கை எப்போது வருகிறது, அப்போது என்ன திறந்திருந்தது என்று எழுதினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த குட்டிப் படங்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். திரையில் பின்னணியாக வைத்திருந்த மகளின் படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சை நிறம் வைத்தேன். பயன்படுத்தாத தமிழ் எழுத்துருக்களை நீக்கினேன். விளையாட்டுகளை நீக்கினேன். வைரஸ் பார்க்கும் புரோகிராமைக்கூட எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் மறுபடியும் பெட்டி வரும். டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒழுங்காக அடுக்கும் ஒரு புரோகிராமை வாரம் ஒரு தடவை ஓட்டச் சொன்னார் கணவர். சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறி நகர்வதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் வட்டத்தில் பாதிக்கு மேல் காலி என்றுதான் இருந்தது. அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, பாதிக்கு மேல காலியா இருக்குதுன்னு காட்டுதே? அப்பறம் எப்படி ஃபுல் ஆவும்?"

"அது அப்படித்தான் காட்டும். அத நம்பாத" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைக்கு எடுத்துப் போய்க் காட்டலாமா என்று கேட்டபோது மட்டும் தலையைத் தூக்கினார். "கடைக்கு எடுத்துட்டுப் போனா நல்ல பார்ட்டக் கழட்டிக்கினு பழசப் போட்டு அனுப்புவாங்க. உனக்குத் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்றாரே தவிர, பார்க்கவில்லை. நான் எழுதிய நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்து, "நல்லா எழுதியிருக்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

பொங்கல் கழிந்து திருப்புதல் தேர்வுகள் நெருங்கின. ஏழாம் வகுப்பு வினாத்தாளை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தேன். தலைமையாசிரியை கோபப்படவில்லை. "டீச்சர், உங்களுக்குச் சிரமமா இருந்தா இந்த வருஷம் வெளியில அடிச்சிக்கலாம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டுக்கு வந்து, எந்த ஃபோல்டர் அதிக இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். மகளின் குரல் இருந்த ஃபோல்டர்தான். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது.

வேறு எதிலாவது எடுத்து வைக்கலாம் என்றால் ஒரு நிமிடப் பதிவுகூட ஒரு ஃபிளாப்பியில் அடங்காது. ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் சிடி போட்டுத் தருகிறார்கள் என்று உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொன்னார். அதற்குக் கம்ப்யூட்டரின் பெட்டியை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கணவரிடம் சொன்னேன்.

"பெட்டிய அங்க தொறப்பாங்களா?" என்று கேட்டார்.

"தொறந்து டிஸ்க்கக் கழட்டித்தான் செய்வாங்களாம்."

"வேணாம். ஆட்டோவுல குலுங்கி மொத்தமும் போயிடும்."

இப்போது அந்தக் கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அன்று அதை அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, பழைய கேசட் ஒன்றில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டு இறக்கினேன். ஐந்தாவது ஓடும்போது கரண்ட் போய்விட்டது. திரும்பி வர நாலரை மணி ஆனது. மறுநாள் காலை வினாத்தாள் கொடுத்தாக வேண்டும், அதில் பாதிகூட அடித்து முடிக்கவில்லை. கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அதான் பொண்ணு காது வலிக்கற அளவுக்குப் பேசறாளே. இன்னும் அந்த 'ஊ' 'ஆ' எல்லாம் எதுக்கு?"

"எனக்கு வேணுங்க."

"அப்ப வினாத்தாள் வெளியில போவட்டும்."

நான் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கலாமா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். குப்பைத் தொட்டியில் அப்படியே இருந்தால் இடம் விடாது, அதையும் காலி செய்யணும் என்று அவர் சொன்னார். அதற்கும் ஒரு தடவை கேட்டது. அதற்கும் ஆம். காகிதங்கள் பறந்து போவது போல ஒரு சின்னப் படம் திரையில் ஓடி முடிந்தது. அவர் என் தோளில் கை வைத்து, "பரவால்ல விடு" என்றார். அந்த ஆறுதலுக்காக அவர் மேல் எனக்கு எவ்வளவு நன்றி இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வினாத்தாளின் கடைசிப் பக்கத்தை அடிக்கும்போது மஞ்சள் முக்கோணம் மறுபடியும் வந்தது.

மார்ச்சில் அவர் அலுவலக வேலையாக மூன்று நாள் சென்னைக்குப் போனார். முழு ஆண்டுத் தேர்வு வினாத்தாள்கள் என் கையில் இருந்தன. முதல் நாளே கம்ப்யூட்டர் நான்கு தடவை நின்றுவிட்டது. பள்ளிக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க வரும் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், சட்டைப் பையில் பேனா வைப்பது போல ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். வந்தார்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் முதலில் ஒரு எண் கடகடவென்று ஏறி ஓடி நிற்கும். அந்த எண் முன்பைவிடச் சீக்கிரம் நிற்கிறது என்பதை நானும் கவனித்திருந்தேன். ஏதோ வேகம் கூடியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் அந்த எண் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கும்போது எவ்ளோ மெமரி டீச்சர்?" என்று கேட்டார்.

"நூத்தி இருபத்தெட்டுன்னாங்க." பீரோவிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து வந்து காட்டினேன்.

"இங்க அறுபத்திநாலு தான் காட்டுது."

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீளமான பள்ளங்கள். ஒன்றில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை நின்றது. இன்னொன்று காலி. அதன் இரண்டு பக்கத்துக் கிளிப்புகளும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"ரெண்டு போட்டுக் குடுத்திருக்காங்க. ஒண்ணக் கழட்டியிருக்கு. பாருங்க, மத்த எடமெல்லாம் தூசி அப்பியிருக்கு, இந்தப் பள்ளத்துல கம்மி. கழட்டி ஒரு நாலஞ்சு மாசம் இருக்கும். வேல தெரிஞ்சவர்தான், கிளிப்பு ஒடையாம எடுத்திருக்காரு. வேற எந்தக் கடைக்காவது அனுப்பினீங்களா?"

"இல்லைங்க. இந்தப் பெட்டி வீட்டை விட்டு வெளியவே போனதில்ல."

அவர் டார்ச்சை அணைத்துக்கொண்டார்.

நான்தான் ஆரம்பித்தேன். "மெமரி ஃபுல் ஆயிடுச்சுன்னு இதுல இருந்ததெல்லாம் அழிச்சிட்டேங்க. அழிச்சா இடம் வரும்னு."

"ஐயோ டீச்சர். அது வேற, இது வேற. டிஸ்க்குல எத்த அழிச்சாலும் இந்த மெமரி ஏறாது. டிஸ்க்குல ஏகப்பட்ட எடம் காலியா கெடக்குதே. என்னா அழிச்சீங்க?"

சொன்னேன். தன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, அழிந்ததைத் தேடும் புரோகிராம் ஒன்றைப் போட்டு ஓட விட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. நான் வைத்த தேதிகள்தான். ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து மட்டும் இல்லாமல், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. ஒன்றைத் திறந்தார். கரகரவென்று இரைச்சல். இன்னொன்று, இன்னொன்று என்று பதினைந்து இருபது திறந்து பார்த்தார். எல்லாம் இரைச்சல். அழித்த பிறகு டிஸ்க்கை அடுக்கும் புரோகிராமை ஓட்டினீர்களா என்று கேட்டார். வாரா வாரம் என்றேன். "அப்ப அது மேலயே வேற எழுதியிருக்கும். வராது டீச்சர்" என்றார். இப்படிக் கழற்றி மாட்டுவது எப்படி என்று, இருந்த ஒரு பட்டையையே எடுத்துக் காட்டித் திருப்பிப் போட்டுவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். கீழ் வீட்டுக்காரர்களைக்கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன், அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். பிறகு பொங்கலன்று கேட்ட ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. கணவரின் அண்ணன் தீபாவளியை ஒட்டிக் கீழ்பென்னாத்தூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், "உங்க புண்ணியத்துல கட மெஷின் இப்ப நல்லா ஓடுதும்மா" என்றார். கணவர் போய் ஏதோ உதவி செய்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் இரண்டு பேர் பத்திரம் அடிக்கக் காத்திருந்தார்கள். கணவரின் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். "வாம்மா. என்ன தனியா?"

"மாமா, எங்க கம்ப்யூட்டர்லருந்து ஒரு மெமரி பட்டை இங்க வந்திருக்குதா?"

அவர் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சர்வ சாதாரணமாக, "ஆமாம்மா, தம்பி குடுத்தான். நீ வேலூர் போயிருந்த அன்னிக்குதான் வந்து கழட்டிக்கினோம். இந்த மெஷின் தெணறிக்கினு இருந்தது. உங்க வீட்ல அது சும்மாதான் கெடக்குது, நீ அடிக்கறதுக்கு பாதி போதும்னு சொன்னான். உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?" என்றார்.

வேலூர். பயிற்சி முடிந்து, பேருந்து நிலையத்தில் மகளுக்குப் பன் வாங்கிக் கொடுத்து, அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த ஏதோ ஒரு சனிக்கிழமை. நாங்கள் திரும்பி வருவதற்குள் அண்ணனும் தம்பியும் என் மேசையைத் துடைத்து, தகட்டைத் திருகி, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டிருக்கிறார்கள்.

"அது எனக்கு வேணும் மாமா. இப்பவே."

"இவங்க ரெண்டு பேர் வேல முடிஞ்சதும்..."

"இப்பவே மாமா."

காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் கம்ப்யூட்டரை அணைத்து, பட்டையைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அக்கா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பதிவுகள் அழிந்துபோனதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நின்றுவிட்டார்.

"எனக்கு மொதல்லயே தெரியும்மா, தம்பி உன்கிட்ட சொல்லலன்னு. பொங்கல் அன்னிக்கு நீ சிரிச்ச சிரிப்புலயே தெரிஞ்சிது. அவங்க அண்ணன் தம்பி வெவகாரம், நாம எதுக்குன்னு இருந்துட்டேன்."

"எங்க கம்ப்யூட்டர் அக்கா அது. என் வேலைக்கு வாங்கனது."

"தப்புதான்" என்றார். பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்து நானே தகட்டைக் கழற்றினேன். பட்டையைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். கிளிப்புகள் இரண்டும் 'டக்' என்று நிமிர்ந்து பிடித்துக்கொண்டன. எண் நூற்று இருபத்தெட்டுக்கு உரிய இடம் வரைக்கும் ஓடியது. வினாத்தாள்கள் எல்லாவற்றையும் அன்றே அடித்து முடித்தேன். மஞ்சள் முக்கோணம் ஒரு தடவைகூட வரவில்லை. வர வேண்டும், அழித்ததில் ஏதோ ஒரு நியாயமாவது மிஞ்ச வேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

மறுநாள் மாலை அவர் வந்தார். மகளுக்கு ஒரு கவுன், எனக்கு ஒரு கைப்பை வாங்கி வந்திருந்தார். அண்ணன் போன் செய்து சொல்லியிருப்பார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. மகள் கவுனைப் போட்டுக்கொண்டு கீழ் வீட்டில் காட்டப் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"அண்ணன் கேட்டாரு. என்னப் படிக்க வச்சவரு. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட கேட்டிருந்தா நான் இல்லன்னு சொல்லியிருப்பனா?"

"சொல்லியிருக்க மாட்ட" என்றார்.

"அப்பறம் ஏங்க?"

"புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன். எரநூத்தி அம்பத்தாறு போட்டுடலாம். முன்னவிட ஜாஸ்தி" என்றார். அவர் மனதில் இது இன்னமும் அந்தப் பட்டையைப் பற்றிய பிரச்சினையாகத்தான் இருந்தது.

"டிஸ்க்கு வேற, மெமரி வேறன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்னா கேள்வி இது?"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தீங்களா?"

அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினார். "அழிச்சது நீதான? நான் வேணாம்னு கையப் புடிச்சு இழுக்கலன்னா அது என் தப்பா?"

அது உண்மைதான். இரண்டு தடவை கேட்டபோதும் ஆம் என்று அழுத்தியது என் விரல்தான். அந்த உண்மையை என் மேல் திருப்பிப் போட அவருக்கு மனசு வந்தது என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாததாக இருந்தது. நான் அழவில்லை. அவரும் அதன் பிறகு கத்தவில்லை. நகத்தைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், "நீ எதையாவது அழிச்சிக்கினு இருந்தா வேற கேள்வி கேக்க மாட்டன்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னதிலேயே முழு உண்மை அந்த ஒரு வாக்கியம்தான். இன்றுவரை அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நாங்கள் பிரிந்துவிடவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருந்தாலும் என்ன சொல்வது? கம்ப்யூட்டரில் ஒரு பட்டையை எடுத்துவிட்டார் என்றா? என் சொந்த அக்காவிடம் சொன்னபோது, "இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? குடிக்கறாரா, அடிக்கறாரா?" என்றாள். அதன் பிறகு வேறு யாரிடமும் சொல்லவில்லை. கேசட்டில் தப்பிய நான்கு முழுப் பதிவுகளும் பேச்சு வருவதற்கு முந்தையவை. வெறும் "ம்ம்", "ஊ". ஐந்தாவது பாதியில் இழுத்துக்கொண்டு நின்றுவிடும்.

அந்தக் கோடை விடுமுறையில் ஊரிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், என் மாணவிகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஹார்டுவேர் வகுப்பு படித்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் அறை வந்தபோது பொறுப்பை எனக்குத்தான் கொடுத்தார்கள். எச்சரிக்கை வருகிறது என்று எந்த டீச்சர் வந்து சொன்னாலும், எதையும் அழிக்காமல் முதலில் என்னைக் கூப்பிடுங்கள் என்பேன். வீட்டில் அவர் சொல்லும் சின்ன விஷயத்தைக்கூட, கேஸ் புக் பண்ணியாச்சு என்று சொன்னால்கூட, நான் ஒரு தடவை சரிபார்ப்பேன். அவருக்கு அது தெரியும். ஆட்சேபம் சொன்னதில்லை.

2007இல் பழையதைக் கொடுத்துவிட்டு வேறு கம்ப்யூட்டர் வாங்கினேன். கடையிலிருந்து ஆள் வந்து பெட்டியைத் திறந்து, எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் இங்க இருக்கட்டுமா, வெளிய போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

வந்திருந்தவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இருங்க என்று சொல்லியிருக்கலாம். "உங்க இஷ்டம்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். வந்தவர் வேலையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் திரும்பி வந்தார். கம்ப்யூட்டர் பக்கம் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவினார்.